கடைக்கு நம்மூர் மின்னஞ்சல், அரட்டை, வரைபடம்: மாறியவர்கள் வழி சொல்லுங்கள்

பவானி ஜமக்காளம்:

எல்லோருக்கும் வணக்கம். பவானியில் ஜமக்காளம் மொத்த வியாபாரம் செய்கிறோம். கடையில் நான், மாமனார், வேலைக்கு இரண்டு பேர். ஒன்பது வருடமாக ஒரு பெரிய வெளிநாட்டு நிறுவனத்தின் இலவச மின்னஞ்சல்தான். ஆர்டர், டிசைன் படங்கள், பாக்கிக் கணக்கு எல்லாம் அதற்குள்ளேயே கிடக்கிறது.

ஆடிக் கடைசியில் ஒரு நாள் காலையில் கணக்கு திறக்கவில்லை. சரிபார்ப்பு எண் போவதோ, வேலையை விட்டுப் போன பையனின் பழைய நம்பருக்கு. அந்த நம்பர் இப்போது யாரிடம் இருக்கிறதென்றே தெரியாது. படிவம் நிரப்பி நிரப்பிப் பார்த்தேன், ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது. பேசுவதற்கு ஒரு ஆள் கிடையாது. 11 நாள் கழித்துத்தான் திறந்தது. ஆவணி முகூர்த்தத்துக்காக எர்ணாகுளத்திலிருந்து கேட்டிருந்த 60 உருப்படி அதற்குள் கைவிட்டுப் போய்விட்டது.

இனி நம்மூர்ச் சேவைக்கே போய்விடலாம் என்று இருக்கிறேன். மாமனார் இருப்பதே இருக்கட்டும் என்கிறார். மின்னஞ்சலுக்கு ஸோஹோ, செய்தி அனுப்ப ஸோஹோவின் அரட்டை செயலி, வரைபடத்துக்கு மேப்பல்ஸ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதிலிருந்து ஆரம்பிப்பது? நம்மூரில் செய்தது என்பதற்காகவே நம்பிவிடலாமா?

நெல்லைக் கணினிக்காரன்:

அக்கா, 14 வருடமாகத் திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் கடைகளுக்கும் மில்களுக்கும் கணினி வேலை பார்க்கிறேன். நீங்கள் சொன்ன மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். எந்த நிறுவனம் என்று யோசிப்பதற்கு முன்னால், உங்கள் மின்னஞ்சல் முகவரியில் அட் குறிக்குப் பின்னால் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அங்கே அவர்கள் பெயர் இருக்கும்வரை நீங்கள் வாடகைக்குக் குடியிருப்பவர்தான்.

அதனால் முதல் வேலை, கடைப் பெயரில் டாட் இன் என்று முடியும் ஒரு இணையப் பெயர் வாங்குவது. வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். டாட் இன் பதிவேட்டை நடத்துவது நிக்ஸி என்ற நம் நாட்டு அமைப்பு. வாங்கும்போது உங்கள் பெயர், உங்கள் மொபைல் எண் கொடுத்துப் பதியுங்கள். இணையதளம் செய்து தரும் பையன் பெயரில் பதிந்துவிட்டு, அப்புறம் அவனைத் தேடி அலைந்த கடைக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். பெயர் உங்களுடையதாக இருந்தால், நாளைக்கு எந்தச் சேவைக்கு மாறினாலும் பில் புத்தகத்தில் அச்சடித்த முகவரி மாறாது.

அப்புறம் மின்னஞ்சலுக்கு ஸோஹோவைத் தாராளமாகச் சொல்வேன். 1996இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய நிறுவனம், 2009இல்தான் ஸோஹோ என்று பெயர் மாறியது. தலைமையிடம் சென்னை. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அவர்கள் அலுவலகம் இருக்கிறது, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஊரை விட்டுப் போகாமல் அங்கே மென்பொருள் வேலை பார்க்கிறார்கள். இதை நான் பெருமையாகவே சொல்கிறேன். இலவசத் திட்டத்தில் ஐந்து பேர், ஆளுக்கு 5 ஜிபி, சொந்தப் பெயரில் முகவரி, விளம்பரம் கிடையாது. ஆனால் உலாவியிலும் அவர்களுடைய செயலியிலும் மட்டும்தான் திறக்கும். அவுட்லுக், தண்டர்பேர்டில் எடுக்க வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும். உங்கள் நாலு பேருக்கு இலவசமே போதும்.

அமைக்கும்போது, உங்கள் பெயருக்கு வரும் மடல் எந்தச் சேவைக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவோடு நிறுத்திவிடாதீர்கள். எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்ற இரண்டு பதிவுகளையும் சேருங்கள். இந்தப் பெயரில் மடல் அனுப்ப யாருக்கு உரிமை என்பதை எதிர்ப்பக்கம் அதை வைத்துத்தான் சோதிக்கும். சங்கரன்கோவிலில் ஒரு அரிசி மில்லுக்கு நான் எஸ்பிஎஃப் போட மறந்துவிட்டேன். மூன்று நாள் அவர்களுடைய விலைப்பட்டியல் எல்லாம் எரிதக் கூடையில், அதாவது ஸ்பாமில் விழுந்தது. முதலாளி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, எனக்குத்தான் மனது ஆறவில்லை. இப்போதெல்லாம் அமைத்து முடித்ததும் வெவ்வேறு சேவைகளில் இருக்கும் மூன்று முகவரிகளுக்கு மடல் அனுப்பி, எங்கே போய் விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

பழைய கணக்கை மூட வேண்டாம். முதலில் மீட்பு எண்ணை உங்கள் எண்ணாக மாற்றுங்கள். படங்களையும் மடல்களையும் ஒரு ஹார்டு டிஸ்கில் இறக்கிக்கொண்டு, வரும் மடல்கள் புது முகவரிக்குத் திரும்பும்படி செய்து, ஒரு வருடமாவது விட்டுவையுங்கள். அப்புறம் ஒரு 40 பக்க நோட்டு வாங்கி, பழைய முகவரி கொடுத்த இடத்தையெல்லாம் எழுதுங்கள்: வங்கி, ஜிஎஸ்டி, வருமான வரி, மின்வாரியம், லாரி ஆபீஸ். மாற மாற அடித்துக்கொண்டே வாருங்கள்.

மதுரை வாத்தியார்:

நம்மூரில் செய்தது என்பதற்காகவே நம்பலாமா என்று கேட்டீர்களே, அந்தக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாட்ஸ்அப் மாதிரி வந்த ஹைக் செயலி 2021 ஜனவரியில் நின்றது. 2020இல் ட்விட்டர் மாதிரி வந்த கூ, தமிழிலும் எழுதலாம் என்று நம்பிக்கை தந்தது, 2024 ஜூலையில் மூடப்பட்டது. இரண்டுமே இந்திய நிறுவனங்கள். அதனால் நுழையும்போதே, போட்டதை மொத்தமாக வெளியே எடுக்க முடிகிறதா என்று ஒரு தடவை செய்து பாருங்கள்.

சேவை யாருடையது என்பதும் மேலோட்டமாகத் தெரியாது. யூபிஐ, என்பிசிஐ என்ற இந்தியப் பணப் பரிவர்த்தனை அமைப்பு 2016இல் கொண்டுவந்த நம் நாட்டுத் தடம். ஆனால் அதன் மேல் ஓடும் ஃபோன்பேயின் பெரும்பங்கு அமெரிக்காவின் வால்மார்ட்டிடம். என்பிசிஐயின் சொந்தச் செயலி பீம். ஸோஹோவின் உலா உலாவியும், கூகுள் முன்னின்று வளர்க்கும் குரோமியம் என்ற உலாவி மென்பொருளின் மேல் கட்டியதுதான். கேரளப் பள்ளிகளில் பல வருடமாகக் கட்டற்ற மென்பொருளில், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமை உள்ள மென்பொருளில் பாடம் நடக்கிறது. உங்கள் பாக்கிக் கணக்கையும் அப்படிப்பட்ட லிப்ரே ஆபீசில் உங்கள் கணினியிலேயே வைத்தால் எந்த ஊர் நிறுவனமும் அதைப் பூட்ட முடியாது.

கோவை மோட்டார்:

மாமனாரிடம் நயாரா கதையைச் சொல்லுங்கள். குஜராத்தில் வாடினார் சுத்திகரிப்பு ஆலை நடத்துகிற நிறுவனம். அதில் ரஷ்ய எண்ணெய் நிறுவனமான ரோஸ்நெஃப்டுக்குப் பங்கு உண்டு. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டதும் மைக்ரோசாஃப்ட் சேவையை நிறுத்திவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், சில நாளில் சேவை திரும்பியது. அவ்வளவு பெரிய ஆலைக்கு வழக்குப் போட ஆள் பலம் இருந்தது. 60 உருப்படி ஆர்டருக்கு நாம் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

அரட்டை எங்கள் பட்டறையில் எட்டுப் பேருக்குள் ஓடுகிறது. வாடிக்கையாளர் யாரும் அங்கே இல்லை, அவர்களோடு வாட்ஸ்அப்தான். 2025 செப்டம்பர் கடைசியில் ஊரே அதை இறக்கியபோது அழைப்புகளுக்கு மட்டும் முழு மறையாக்கம் (பேசும் இருவரைத் தவிர வேறு யாரும் அறிய முடியாத பூட்டு) இருந்தது, எழுதி அனுப்பும் செய்திக்கு இல்லை. உங்கள் போனில் இருக்கும் பதிப்பில் என்ன நிலை என்று பார்த்த பிறகே வங்கி விவரம் எதையும் அனுப்புங்கள்.

பவானி ஜமக்காளம்:

ரொம்ப நன்றி. டாட் இன் பெயர் என் பெயரிலேயே வாங்கிவிட்டேன். மீட்பு எண்ணை மாற்றியாயிற்று. நோட்டை மாமனாரிடம் கொடுத்தேன், அவரே உட்கார்ந்து 23 இடம் எழுதித் தந்தார், எனக்கே மறந்துபோன ஒரு சிட் ஃபண்ட் உட்பட. இதில் எதை முதலில் மாற்றுவது? வரைபடத்தில் கடையை என்ன செய்வது?

நெல்லைக் கணினிக்காரன்:

வங்கியும் ஜிஎஸ்டியும் முதலில், அக்கா. ஜிஎஸ்டி தளத்தில் நான்-கோர் திருத்தம் (சிறு விவரங்களை மாற்றும் பகுதி) என்ற இடத்தில், கையொப்ப அதிகாரம் உள்ளவரின் விவரத்தில் மின்னஞ்சல் மாற்றலாம். புது முகவரிக்கு ஓடிபி வரும், அதனால் மின்னஞ்சலை அமைத்துச் சோதித்த பிறகே தொடங்குங்கள். உங்கள் மாத ரிட்டன் தாக்கல் செய்யும் நாட்களில் இதில் கை வைக்க வேண்டாம்.

வரைபடத்தில் இப்போது இருப்பதை எடுக்காதீர்கள், வெளியூர்க்காரர்கள் அங்கேதான் தேடுகிறார்கள். மேப்பல்ஸிலும் சேர்த்துவிடுங்கள். ஆறு எழுத்தில் ஒரு குறியீடு கிடைக்கும். உங்கள் கடை சந்துக்குள் இருந்தால், அதை விசிட்டிங் கார்டின் பின்பக்கம் அச்சடித்துவிடலாம், லாரிக்காரர்களுக்கு உதவும்.