எல் மாரியாச்சி: தியேட்டரில் ஓடியது 7,000 டாலர் படமா?

பழையரீல்: நேற்று ஒருவர் எழுதுகிறார்: "எல் மாரியாச்சி என்ற வெஸ்டர்ன் (கௌபாய் பாணி) படத்துக்கு மொத்தச் செலவே 7,000 டாலர். அது தியேட்டரில் ஓடியது. உங்களால் முடியாதது சோம்பேறித்தனம்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகஸ் 16 மிமீ நெகட்டிவை வீடியோவுக்கு மாற்றி, வீடியோவிலேயே எடிட் செய்தார். அந்த 7,000-ல் தியேட்டரில் ஓட்டும் ஃபிலிம் பிரதி, அதாவது பிரிண்ட், ஒன்றுகூடக் கிடையாது. ஹாலிவுட் ஸ்டூடியோ கொலம்பியா வாங்கிய பிறகுதான் தியேட்டருக்கான 35 மிமீ ஃபிலிம் ஆக்கி, ஒலியைச் சரிசெய்து 1993-ல் வெளியிட்டார்கள். அந்தப் பணத்தை யார் கணக்கில் எழுதுவது?

கிட்டார்பெட்டி: அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், பரவாயில்லை. படம் எடுக்க ஆன செலவு 7,000. மெக்சிகோவின் அகுன்யா ஊரில் இரண்டு வாரம். சக்கர நாற்காலியில் கேமராவோடு உட்கார்ந்து டிராலி ஷாட் (நகரும் காட்சி). மருந்துச் சோதனைக்கு உடம்பைக் கொடுத்துச் சம்பாதித்த காசு. கொலம்பியா செய்தது விநியோகஸ்தர் வேலை. அதை ஏன் இதில் சேர்க்கிறீர்கள்?

பழையரீல்: தியேட்டரில் ஓடியது என்று எழுதியது யார்? தியேட்டரில் ஓடியது 35 மிமீ. கேமராவும் ஓசி. அதற்கு வாடகை போட்டிருந்தால்?

டப்பிங்மணி: சண்டை போடுங்கள், நடுவில் ஒன்று. அந்தக் கேமரா போட்ட சத்தத்தில் வசனத்தை நேரடியாகப் பதிவு செய்ய முடியாது. ஷாட் முடிந்ததும் நடிகர்களை மறுபடி பேசவைத்து டேப்பில் பிடித்தார். உதடு பொருந்தாத இடத்தில் சட்டென்று வேறு ஷாட்டுக்கு வெட்டினார். படத்தின் வேகத்தில் பாதி அப்படி வந்ததுதான். இதைப் பேசலாமே.

பழையரீல்: ஒலியா? அதையும் கொலம்பியா மறுபடி மிக்ஸ் செய்தது. பார்த்தீர்களா, திரும்ப அங்கேதான் வருகிறது.

குதிரைக்காரன்: இது வெஸ்டர்னே இல்லை. குதிரை எங்கே? முதலில் வெஸ்டர்ன் என்றால் என்னவென்று முடிவு செய்வோமா?

கிட்டார்பெட்டி: காதலியைக் கொன்று கையிலும் சுட்டவனை நாயகன் கடைசியில் போட்டுத்தள்ளுகிறான். பழிவாங்கும் கதைக்கு இது போதாதா? குதிரையைக் கட்டிப்போட்டுவிட்டு வாருங்கள்.

குதிரைக்காரன்: இயக்குநர் மான்டே ஹெல்மேனின் "தி ஷூட்டிங்" பாருங்கள். அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் 75,000 டாலரில் இரண்டு வெஸ்டர்ன், அடுத்தடுத்து. நடிகர் ஜாக் நிக்கல்சன் இரண்டிலும் உண்டு.

பழையரீல்: ஒரு படத்துக்கு 75,000. இரண்டுக்கும் சேர்த்து இல்லை. இங்கே யாருக்குமே கணக்கு வராதா?

குதிரைக்காரன்: போன மாதம் டெக்னிஸ்கோப் என்ற ஃபிலிம் சிக்கன முறை பற்றி நீங்கள் விட்ட கதை எனக்கு மறக்கவில்லை, சார்.

பழையரீல்: டெக்னிஸ்கோப்பில் ஒரு ஃபிரேமுக்கு ஃபிலிம் ஓரத்தில் இரண்டு துளை உயரம்தான், ஃபிலிம் பாதி மிச்சம் என்றேன். எது கதை? பேச்சை மாற்றாதீர்கள். 7,000-ல் பிரிண்ட் உண்டா, இல்லையா?

கிட்டார்பெட்டி: சன்டான்ஸ் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருது கொடுத்தவர்கள் பிரிண்டுக்கா கொடுத்தார்கள்?

பழையரீல்: உண்டா, இல்லையா?

டப்பிங்மணி: அவர் ஸ்பானிஷ் வீடியோ சந்தைக்கென்றே எடுத்த படம் அது. பிரிண்ட் எதற்கு?

பழையரீல்: அதைத்தானே முதல் வரியிலிருந்து சொல்கிறேன்! வீடியோவுக்கு 7,000. தியேட்டருக்கு இல்லை.

கிட்டார்பெட்டி: நீங்கள் ஒரு குறும்படமாவது எடுத்துக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

பழையரீல்: கேமரா ஓசியில் கொடுங்கள், எடுக்கிறேன். பிரிண்ட் செலவு உங்களுடையது.