ஓவர்வாட்ச் 2: பிவிஇ போனதுக்கு இன்னுமா கோபம்?

புதுசா_வந்தவன்:
இந்த டீம் ஷூட்டிங் கேம் ஸ்டீம்ல (கம்ப்யூட்டர் கேம் விக்கிற ஆன்லைன் கடை) வந்த பிறகுதான் ஆட ஆரம்பிச்சேன். இலவசம், ஆட்டமும் நல்லாத்தான் இருக்கு. ஆனா பழைய ஆளுங்க யாரோட சேர்ந்தாலும் பிவிஇ (மத்த ஆளுங்களோட இல்லாம கம்ப்யூட்டர் எதிரிகளோட மோதுற மோடு) புலம்பல்தான். வராத ஒரு மோடுக்கா இவ்வளவு?

நள்ளிரவு_ரெயின்ஹார்ட்:
வராததுக்கு இல்ல ப்ரோ, அதுக்காகப் பட்டினி கிடந்ததுக்கு.

2019 நவம்பர் பிளிஸ்கான், அதாவது பிளிஸார்ட் கம்பெனி ஓவர்வாட்ச் 2-ஐ அறிவிச்ச விழா, நம்ம ஊர்ல நள்ளிரவு. அம்மா முழிச்சிடக் கூடாதுன்னு நானும் என் தம்பியும் ஒரே இயர்போன், ஆளுக்கு ஒரு காது. ரியோ நகரத்துல நடக்குற பிவிஇ மிஷன் காட்டுறாங்க. ஹீரோவுக்கு லெவல் ஏறும், டேலன்ட் ட்ரீ (லெவல் ஏற ஏற புதுத் திறமை தேர்ந்தெடுக்கிற பட்டியல்) இருக்கும்னாங்க. ட்ரேசர்ங்கிற ஹீரோவோட பாம்ல செத்த ரோபோவும் வெடிச்சு பக்கத்துல நிக்கிறதைச் சாய்க்குது. "ட்ரேசர் எனக்கு"ன்னு தம்பி அப்பவே துண்டு போட்டுட்டான்.

2020 ஏப்ரல்ல எக்கோங்கிற ஹீரோ வந்தா. அடுத்த புது ஹீரோ 2022 அக்டோபர்லதான். ரெண்டரை வருஷம் அதே 32 பேர். எல்லாரும் பிவிஇ வேலையில இருப்பாங்கன்னு நாங்களே சமாதானம் சொல்லிக்கிட்டோம். நடுவுல ஆட்டத்தோட டைரக்டர் ஜெஃப் கப்லானும் கிளம்பிட்டார். ஓவர்வாட்ச் 2 வந்ததும் பழைய ஆட்டத்தோட சர்வரை அணைச்சாங்க, ஆறு பேர் டீம் அஞ்சாச்சு. ஏழு மாசத்துல, 2023 மே 16, ஹீரோ மிஷன் (அந்த டேலன்ட் ட்ரீயோட வர வேண்டிய பிவிஇ) கிடையாதுன்னு அறிவிப்பு. அப்போ பழசை எதுக்கு அணைச்சீங்க?

ஸ்பிரிண்ட்_கைதி:
கோபம் சரி. ஆனா முப்பதுக்கு மேல ஹீரோ, ஒவ்வொருத்தருக்கும் தனி டேலன்ட் ட்ரீன்னா வேலை எங்க முடியும்? அதுக்காக ஆட்களைப் பிரிச்சதுல ஓடிக்கிட்டிருந்த லைவ் ஆட்டம் அடி வாங்குச்சுன்னு, கப்லானுக்குப் பிறகு டைரக்டரான ஏரன் கெல்லரே எழுதினார். எங்க ஆபீஸ்ல ஒரு தடவை டெமோவுக்காக சும்மா ஒரு பட்டன் வச்சோம். அமுக்கினா ஒண்ணும் ஆகாது. சேல்ஸ் ஆளு அதைக் காட்டியே ஆர்டர் வாங்கிட்டு வந்துட்டார். எட்டு மாசம் தூக்கம் போச்சு. மேடையில காட்டினதுல பாதி இந்த மாதிரிப் பட்டன்தான்னு என் சந்தேகம்.

நள்ளிரவு_ரெயின்ஹார்ட்:
முடியாதுன்னு 2021லயே சொல்லியிருந்தா பாதிப் பேர் புரிஞ்சுக்கிட்டிருப்பாங்க.

புதுசா_வந்தவன்:
அப்போ ஸ்டீம்ல குவிஞ்ச கெட்ட ரிவ்யூ எல்லாம் இதுக்குத்தானா?

நள்ளிரவு_ரெயின்ஹார்ட்:
எல்லாம் இல்ல. நிறைய சீன மொழியில இருந்துச்சு. 2023 ஜனவரியில, சீனாவுல ஆட்டத்தை நடத்தின நெட்ஈஸ் கம்பெனியோட ஒப்பந்தம் முடிஞ்சு அங்க சர்வரே போயிடுச்சு, அவங்க கணக்கு வேற. நம்ம எரிச்சல், ஸ்டீம்ல வந்த அதே நாள், 2023 ஆகஸ்ட் 10ல, மூணு ஸ்டோரி மிஷனை 15 டாலருக்கு வித்தது. அதுல ஒண்ணு ரியோ. டேலன்ட் ட்ரீ மட்டும் இல்ல. என் தம்பி போட்ட துண்டு இன்னும் அங்கேயே கிடக்கு.