ஃப்ரை பிரெட் இல்லாத பூர்வகுடி உணவகம்: சரியா, தப்பா?

கரையோரம்:
ரெண்டு வருஷத்துக்கு முன்ன அமெரிக்காவுல மினியாபொலிஸ் நகரத்துல ஓவாம்னிக்குப் போனேன். லக்கோட்டா பழங்குடிச் சமையல்காரர் ஷான் ஷெர்மனும் கூட்டாளியும் 2021-ல ஆரம்பிச்ச உணவகம். ஐரோப்பியர் கொண்டுவந்த கோதுமை, பால், கரும்புச் சர்க்கரை, மாடு, பன்றி, கோழி எதுவும் அங்க சமைக்கிறதில்ல. பைசன்ங்கிற அமெரிக்கக் காட்டெருமைக் கறி, ஏரி மீன், மக்காச்சோளம், பூசணி, மேப்பிள் பாகுன்னு போகுது சாப்பாடு. 2022-ல அமெரிக்க உணவகங்களுக்குக் கொடுக்கிற ஜேம்ஸ் பியர்டு விருது வாங்கினாங்க. கூட வந்த நண்பருக்குத்தான் ஒரு குறை. செவ்விந்தியர் திருவிழான்னா ஃப்ரை பிரெட், அதாவது கொழுப்புல பொரிச்ச கோதுமை ரொட்டி, இல்லாம இருக்காதே, இங்க ஏன் இல்லைன்னார். இல்லாததுதான் சரின்னு நான் சொல்றேன்.

லயத்துவீடு:
தப்பு அண்ணே. அந்த ஜனங்க வீட்டுல நாலஞ்சு தலைமுறையா பொரியுற ரொட்டி அது. அதை வெளிய நிறுத்த யாருக்கு உரிமை?

கரையோரம்:
அந்த ரொட்டி எப்படி வந்துச்சுன்னு பாருங்க. 1864-ல நவஹோ பழங்குடி மக்களை அமெரிக்க ராணுவம் அரிசோனாவுல இருந்து நியூ மெக்சிகோவுக்கு நடத்தியே ஓட்டிட்டுப் போச்சு. அங்க அடைச்சு வச்சு ரேஷனாக் கொடுத்தது மாவு, கொழுப்பு, உப்பு, சர்க்கரை. விதைச்ச சோளமும் கைவிட்டுப் போச்சு. பிறகும் அரசாங்கம் கொடுத்தது பெரும்பாலும் அதே மாதிரிச் சாமான்தான். இன்னிக்கு அந்தச் சமூகங்கள்ல சர்க்கரை நோய் எவ்வளவுன்னு எல்லாருக்கும் தெரியும். சிறைச் சாப்பாட்டைப் பாரம்பரியம்னு தட்டுல வைக்க எனக்கு மனசு வரல.

லயத்துவீடு:
எங்க அப்பாயி இலங்கை மலையகத்துல தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிச்சவ. தோட்டத்துல மாவைக் கொடுத்துட்டு சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க. விடியக்காலை நாலு மணிக்கு எழும்பி, அந்த மாவுல தேங்காப்பூப் போட்டுப் பிசைஞ்சு, தடிப்பா ரொட்டி தட்டுவா. கட்டச் சம்பலோட துணியில சுத்திக்கிட்டு மலை ஏறுவா. அந்த மாவு எங்க விருப்பத்துல வரல. ஆனா ரொட்டி அவ கைல பிறந்தது. நாளைக்கு ஒருத்தர் மலையகச் சமையல்னு கடை போட்டு, “கோதுமை வெள்ளைக்காரன் கொடுத்தது, அதனால ரொட்டி இல்லை”ன்னா நான் அந்தப் படி ஏற மாட்டேன். வாஷிங்டன்ல அமெரிக்க இந்தியர் அருங்காட்சியகத்து மிட்சிட்டாம் உணவகத்துல ஃப்ரை பிரெட் இருக்கே. அதுவும் பூர்வகுடிச் சாப்பாடுதான்.

விறகடுப்பு:
நான் மினசோட்டாவுலதான் இருக்கேன். ரொட்டியை விடுங்க, மனூமின் பத்தி யாரும் பேசலையே. ஓஜிப்வே பழங்குடி மக்கள் ஏரியில படகு விட்டு, ஒருத்தர் கோலால தள்ள, இன்னொருத்தர் ரெண்டு குச்சியால கதிரைச் சாய்ச்சுத் தட்டி உதிர்க்கிற காட்டரிசி. விறகுல வறுத்தது பழுப்பா இருக்கும், சீக்கிரம் வெந்து பூவா விரியும், லேசாப் புகை வாசம். வயல்ல பயிராக்கி விக்கிற கறுப்பு ரகம் முக்கால் மணி நேரம் கொதிச்சாலும் விறைப்பாவே நிக்கும். இப்படிப்பட்ட உணவகம் பூர்வகுடிகள்கிட்ட நேரா வாங்குறதால ஏரிக்குப் போறவங்க கையில காசு நிக்குது. அதுக்காகவே நான் கரையோரம் பக்கம். ஃப்ரை பிரெட் வேணும்னா எந்தப் பௌவௌ திருவிழாவுலயும் கிடைக்கும், இந்தத் தட்டு எங்க கிடைக்கும்?

லயத்துவீடு:
ஒரு கடை தன் அடுப்புல எது ஏறணும்னு முடிவு பண்ணட்டும், ஒத்துக்கிறேன். நீங்க “சிறைச் சாப்பாடு”ன்னு சொன்னதுதான் உறுத்துது அண்ணே.

கரையோரம்:
அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கிறேன் தம்பி. அப்பாயி ரொட்டியை நினைச்சுச் சொன்னதில்ல. ஆனா உணவகம் பத்தி என் கருத்து மாறல. பறிபோன சோளமும் காட்டரிசியும் ஒரு இடத்துலயாவது முதல் பந்தியில உக்காரட்டும்.