தலைக்காயம் ஆறிப் பல மாதங்கள் கழித்து வலிப்பு வருவது ஏன்?

பாலக்கோட்டுவாசி:
தொப்பூர் கணவாயில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட என் அக்காள் மகன், மூளையில் கட்டிய இரத்தத்தை அறுவை சிகிச்சை செய்து அகற்றிய பின் நலமாக வீடு திரும்பினான். மாந்தோப்பு வேலைகளை முன்போலவே கவனித்து வந்தவனுக்கு, ஏறத்தாழ ஓராண்டு கழிந்து வலிப்பு வந்தது. அடுத்த மாதமே மீண்டும் வந்தது. காயம்தான் ஆறிவிட்டதே, இத்தனை காலம் மூளைக்குள் என்னதான் நடந்துகொண்டிருந்தது? தொடக்கத்தில் ஒரு வாரம் கொடுத்த வலிப்பு மாத்திரையை நிறுத்தாமல் இருந்திருந்தால் தடுத்திருக்கலாமோ என்று அக்காள் புழுங்குகிறாள்.

உடலியங்கியல் ஆசிரியை, தருமபுரி:
உங்கள் அக்காள் தம்மை நொந்துகொள்ள வேண்டாம். 1990இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஃபெனிடோயின் என்னும் வலிப்பு மருந்து முதல் ஏழு நாட்களில் வரும் வலிப்பைக் குறைத்ததே தவிர, பின்னாளில் வருவதைத் தடுக்கவில்லை.

வெளிப்பார்வைக்கு அமைதியாகத் தெரியும் அந்த இடைக்காலத்தில் நரம்பணுக்களின் இணைப்புகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. காபா என்னும் வேதிப்பொருளைச் சுரந்து மற்ற அணுக்களை அடக்கி வைப்பவற்றுள் ஒரு பகுதி காயத்தில் மடிந்துவிட, எஞ்சிய அணுக்கள் அறுந்த தொடர்புகளை ஈடுகட்டப் புதிய கிளைகளை விடுகின்றன. இரத்தக் கசிவால் படிந்த இரும்பும் நீடிக்கும் அழற்சியும் இதற்குத் துணைபோகின்றன. நெற்றிப்பொட்டை ஒட்டிய மூளை மடலில், நினைவாற்றலுக்கு உதவும் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியில் இதைத் தெளிவாகக் காணலாம்: அடுத்த அடுக்குக்குச் செல்ல வேண்டிய பாசி இழைகள் எனப்படும் நரம்பிழைகள், ஏரி மதகில் திறந்துவிட்ட நீர் ஏரிக்கே திரும்புவது போல, தாம் புறப்பட்ட அணுக்களின் அடுக்கிலேயே கிளைத்துப் படர்கின்றன. அந்தக் கிளைப்பே வலிப்புக்குக் காரணமா, விளைவா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், தூண்டல் ஓங்கி அடக்கம் தளர்ந்த வலையமைப்பில் ஏராளமான அணுக்கள் ஒரே நேரத்தில் மின்துடிப்பை வெளிவிடும்போதுதான் வலிப்பு வருகிறது.

இ.இ.ஜி. பணியாளர், ஓசூர்:
இதோடு 1969இல் கிரஹாம் கோடார்ட் என்னும் ஆய்வாளர் வெளியிட்ட எலிச் சோதனையையும் சேர்த்துப் பார்க்கலாம். மூளையில் நாள்தோறும் செலுத்திய மிகச் சிறிய மின்தூண்டல் முதலில் எதுவும் செய்யவில்லை. நாளடைவில் அதே அளவு மின்சாரமே முழு வலிப்பைக் கொண்டுவந்தது. மனித மூளையிலும் அப்படியே நடக்கிறது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

இ.இ.ஜி. சோதனையில் தலையில் பசை தடவி மின்முனைகளை ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும்போது, வலிப்பு இல்லாத வேளையிலும் சிலருக்குக் கூர்முனை அலைகள் தென்படும். அவை தென்படாவிட்டால் நோயே இல்லை என்று எண்ணி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

பாலக்கோட்டுவாசி:
மிக்க நன்றி. இணைப்புகளே மாறிவிட்டன என்றால், இனி மாத்திரையால் என்ன பயன்?

உடலியங்கியல் ஆசிரியை, தருமபுரி:
மாறிய இணைப்பை மாத்திரை பழைய நிலைக்குக் கொண்டுவராது. அந்த அணுக்கள் ஒருசேரத் துடிப்பதை அடக்கி வைக்கும். முறையாக மருந்து உட்கொள்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் வலிப்பின்றி வாழ முடியும் என்பதால், நாள் தவறாமல் கொடுக்கச் சொல்லுங்கள். திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்பாக மாறி உயிருக்கே ஆபத்தாகலாம். பொருத்தமான இரண்டு மருந்துகளுக்கும் கட்டுப்படாவிட்டால், வலிப்பு புறப்படும் இடத்தைக் கண்டறிந்து அறுவை சிகிச்சை செய்ய இயலுமா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். வலிப்பு வரும்போது கையில் சாவியைத் திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடங்களைத் தாண்டினால் 108ஐ அழையுங்கள். மருத்துவர் சம்மதிக்கும்வரை அவன் மாமரம் ஏறவோ பைக் ஓட்டவோ வேண்டாம்.