புதுப்பிப்பு: சிறு நிலைமின் மோட்டாரில் இடைவெளியும் தாங்கியும்

நிலைமின் விசையால் சுழலும் (அதாவது மின்னூட்டங்களின் ஈர்ப்பால் இயங்கும்) சிறு மோட்டாரின் விசையைக் கூட்ட, மின்னழுத்தத்தை உயர்த்துவதா, சுழலிக்கும் (சுழலும் பகுதி) நிலையிக்கும் (மின்முனைகள் உள்ள அசையாப் பகுதி) இடையிலான இடைவெளியைக் குறைப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். இடைவெளியைக் குறைப்பதே பயன் தரும் என்பது இப்போது தெளிவாகிவிட்டது.

சாதாரண அழுத்தத்தில், மீட்டருக்கு ஏறத்தாழ 30 லட்சம் வோல்ட் என்ற புலத்தில் காற்று மின்முறிவு அடைவதால் (காப்புத்தன்மை இழந்து பொறி பாய்வதால்), அதில் தேக்கக்கூடிய ஆற்றல் கன மீட்டருக்குச் சுமார் 40 ஜூல்தான். சாதாரண மோட்டார்களில் உள்ளது போன்ற 1 டெஸ்லா காந்தப்புலத்திலோ அது ஏறக்குறைய 4 லட்சம் ஜூல். ஆனால் இடைவெளி சில மைக்ரோமீட்டராகச் சுருங்கும்போது, மோதல்களால் எலெக்ட்ரான்கள் பெருகிப் பொறியாக வளர இடமில்லாததால், காற்று இதைவிடப் பன்மடங்கு வலிய புலத்தைத் தாங்குகிறது. 1980களின் இறுதியில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பாலிசிலிக்கானில் (நுண்படிகங்களாலான சிலிக்கான்) செய்யப்பட்ட மைக்ரோமோட்டார்கள் சுழன்றதும் இத்தகைய இடைவெளிகளில்தான்.

உண்மையான சிக்கல் சுழலியின் அச்சைப் பிடித்திருக்கும் தாங்கியில் இருக்கிறது. சுழலி மையத்திலிருந்து இம்மியளவு விலகினாலும், நெருங்கிய பக்கத்தின் ஈர்ப்பு இடைவெளியின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் கூடி, அதை மேலும் அதே பக்கம் இழுக்கிறது. தாங்கியின் விறைப்பு (விலகலை எதிர்க்கும் வலு) போதாவிட்டால் சுழலி மின்முனையில் ஒட்டிக்கொள்ளும். தட்டு வடிவச் சுழலியின் இருபுறமும் நிலையி வைத்தால் அச்சுவழி விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்று சிலர் பரிந்துரைத்தார்கள். நல்ல யோசனைதான், எனினும் அந்தச் சமநிலையும் நிலையற்றதே என்பதால், தாங்கியின் விறைப்பை முதலில் கணக்கிட்டு, அது அனுமதிக்கும் அளவுக்கு மட்டுமே இடைவெளியைக் குறைக்கப் போகிறேன்.