கார்டிசால் 8.4 வந்தால் 'அட்ரினல் களைப்பு' என்று மாத்திரை எடுக்கலாமா?

மழைத்துளி (கேள்வி)
வணக்கம். தொடர்ந்து வேலை நெருக்கடி, தூக்கம் சரியில்லை, எழும்போதே அசதி. ரத்தத்தில் கார்டிசால் (மன அழுத்த ஹார்மோன்) 8.4 மைக்ரோகிராம்/டெசிலிட்டர். ரத்தம் எடுத்தது பகல் 11 மணிக்கு. "கார்டிசாலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி களைத்துவிட்டது" என்று சொல்லி அட்ரினல் சாறு மாத்திரை, அதிமதுரம், அஸ்வகந்தா மூன்றையும் மூன்று மாதம் எடுக்கச் சொல்கிறார்கள். சுரப்பி உண்மையிலேயே களைத்துப் போகுமா? முடிக்காக பயோட்டின் 10 மி.கி. தினமும் எடுக்கிறேன், மூக்கு ஒவ்வாமைக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரே. வேறு மருந்து கிடையாது.

கரிசல்
மாத்திரையைத் தொடங்காதீர்கள். முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். கார்டிசால் விடியலுக்கு முன்பே ஏறத் தொடங்கி, விழித்த முக்கால் மணி நேரத்துக்குள் உச்சம் தொட்டு, பகல் முழுக்க இறங்கி, நள்ளிரவில் அடிமட்டத்துக்குப் போய்விடும். ரிப்போர்ட்டில் 5 முதல் 25 வரை என்று போட்டிருப்பது காலை 8 மணியளவுக்கான எல்லை. 11 மணிக்கு 8.4 என்பதில் நோய் எதுவும் தெரியவில்லை.

களைப்பு விஷயத்துக்கு வருகிறேன். அட்ரினல் கார்டிசாலைச் சேமித்து வைக்கும் உறுப்பே இல்லை. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஏசிடிஎச் என்ற கட்டளை ஹார்மோன் வந்ததும் கொலஸ்ட்ராலிலிருந்து அப்போதைக்கப்போது செய்து அனுப்புகிறது. ஏசிடிஎச் நெடுநாள் அதிகமாக இருந்தால் அட்ரினலின் புறணி (வெளி அடுக்கு) தடிக்குமே தவிர வற்றாது. நாட்பட்ட மன அழுத்தத்தில் சிலருக்குக் காலை உச்சம் தணிந்து மாலை இறக்கம் குறைவது உண்மைதான். ஆனால் அது மூளை அனுப்பும் கட்டளையில் வரும் மாற்றம். 2016-ல் 58 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தும் 'அட்ரினல் களைப்பு' என்ற நோய்க்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

சந்தேகம் தீர, காலை 8 மணிக்கு மறுபடி ரத்தம் கொடுங்கள். 3-க்குக் கீழே என்றால் உண்மையான அட்ரினல் குறைபாட்டை (சுரப்பி போதிய கார்டிசால் செய்யாத நிலை) வலுவாகச் சந்தேகிக்க வேண்டும். 15-க்கு மேல் என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. இடையில் நின்றால் ஏசிடிஎச் தூண்டல் பரிசோதனை: 250 மைக்ரோகிராம் ஊசி போட்டு, அதற்கு முன்பும், 30, 60 நிமிடங்களிலும் ரத்தம் எடுப்பார்கள். உச்ச அளவு 18-ஐத் தாண்ட வேண்டும் என்பது பழைய கணக்கு. புதிய கிட்களில் 14, 15 போதும், எனவே எந்த முறையில் அளந்தார்கள் என்று கேளுங்கள்.

வெண்புறா
கரிசல் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்த 8.4-ஐயே முழுதாக நம்ப முடியாது. கார்டிசாலை அளக்கும் சில கருவிகளில் பயோட்டின் குறுக்கிட்டு அளவை இல்லாத உயரத்துக்குக் காட்டும். மறுபரிசோதனைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே பயோட்டினை நிறுத்திவிடுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் மொத்த கார்டிசால் கூடுதலாக வரும், ஏனென்றால் அதைச் சுமக்கும் புரதம் கூடிவிடுகிறது.

மூக்கு ஸ்ப்ரே வழக்கமான அளவில் அட்ரினலை அரிதாகவே அடக்கும். ஆனால் ரிட்டோனவிர் (எச்ஐவி மருந்து), இட்ராகொனசோல் (பூஞ்சை மருந்து) போன்றவற்றோடு சேர்ந்தால் ஸ்டீராய்டு உடலில் தேங்கிவிடும். அதிக அளவு இன்ஹேலர், மூட்டு ஊசி, வீரியமான தோல் களிம்பு எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அந்த மூன்று பொருள்களில் அட்ரினல் சாறு பற்றித்தான் எனக்குப் பெரும் பயம். 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் இப்படிப்பட்ட 12 தயாரிப்புகளைச் சோதித்தபோது எல்லாவற்றிலும் தைராய்டு ஹார்மோன் இருந்தது, பாதிக்கு மேற்பட்டவற்றில் ஸ்டீராய்டும் இருந்தது. வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டு நம் அட்ரினலை அடக்கிவிடும்; மாதக்கணக்கில் தின்றுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால், இல்லாத நோயை நாமே வரவழைத்ததாகிவிடும். அதிமதுரம் சிறுநீரகத்தில் கார்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் என்சைமைத் தடுக்கிறது. அதனால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அஸ்வகந்தாவால் கல்லீரல் பாதிப்பு அரிதாக வந்திருக்கிறது.

எடை குறைவது, எழுந்து நின்றால் தலைசுற்றல், உப்புக்கு ஏங்குவது, உள்ளங்கை ரேகையும் ஈறும் கறுப்பது, சோடியம் குறைவது: அட்ரினல் குறைபாட்டின் இந்த அறிகுறிகள் இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. வாந்தியோடு ரத்த அழுத்தமும் சரிந்தால் அவசர சிகிச்சைதான். ஹைட்ரோகார்டிசோன் (மருந்தாகத் தரும் கார்டிசால்) 100 மி.கி. ஊசியை ரிப்போர்ட்டுக்காகக் காத்திராமல் போடுவார்கள்.

மழைத்துளி
நன்றி. அந்த அறிகுறிகள் எதுவும் இல்லை. மாதத்தில் ஒரு வாரம் இரவுப் பணி உண்டு, அப்போது ரத்தம் கொடுக்கலாமா? நாலு வேளை எச்சில் கொடுத்துக் கார்டிசால் பார்க்கும் கிட் வாங்கலாமா?

கரிசல்
இரவுப் பணி வாரத்தில் வேண்டாம், காலை 8 மணி எல்லை அப்போது பொருந்தாது. பகல் பணிக்குத் திரும்பி, தூக்கம் பழைய நேரத்துக்கு வந்த பிறகு கொடுங்கள். அசதிக்கு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), டிஎஸ்எச் (தைராய்டு பரிசோதனை), பி12, சர்க்கரை பார்த்துவிடுங்கள். குறட்டை இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடையையும் விசாரிக்க வேண்டும்.

எச்சில் கிட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். எச்சில் கார்டிசால் பயன்படும் முக்கியமான இடம் குஷிங் நோய்க்குறிதான், அதாவது கார்டிசால் அதிகமாகச் சுரக்கும் நிலை. அதற்கும் நள்ளிரவு எச்சில் மட்டும், குறைந்தது இரண்டு இரவு. அதிமதுரமோ புகையிலையோ வாயில் பட்டிருந்தால் அந்த அளவும் தவறாக உயர்ந்துவிடும்.