ஸ்பிரிங் மாறிலி ஏறிக்கிட்டே போகுது, எங்க தப்புன்னு சொல்லுங்க

கேள்வி:
வணக்கம், ப்ளஸ் ஒன் படிக்கிறேன். ஸ்பிரிங்ல எடைய தொங்கவிட்டு லேசா இழுத்து விட்டு 20 அலைவுக்கு டைம் எடுக்குற பிராக்டிகல். ஹேங்கரையும் சேத்து 100 கிராமுக்கு 13.8 செகண்ட், 150க்கு 16.4, 200க்கு 18.6 வந்துச்சு, மூணு தடவ எடுத்த சராசரி. 4 பை ஸ்கொயர நிறையால பெருக்கி டி ஸ்கொயரால (டின்னா ஒரு அலைவுக்கு ஆகுற டைம்) வகுத்தா ஸ்பிரிங் மாறிலி, அதாவது ஸ்பிரிங் எவ்ளோ விறைப்புங்குற அளவு, 8.3, 8.8, 9.1ன்னு ஏறிக்கிட்டே போகுது. ஒரே ஸ்பிரிங்தானே, மாறக்கூடாதுல்ல? ஆடவிடாம சும்மா தொங்கவிட்டு ஸ்கேல்ல அளந்தா 100 கிராம் கூட்டுனதுக்கு 9.8 செமீ இறங்குது, அதுல கரெக்டா 10 நியூட்டன்/மீட்டர் வருது. ரெண்டு நாளா மண்ட காயுது, திங்கக்கெழம ரெக்கார்ட் வைக்கணும்.

பதில்:
தம்பி, கைய விடும்போதே ஒன்னுன்னு எண்ணுறியா? அப்படின்னா 20 சொல்றப்ப 19தான் ஆயிருக்கும். சைபர் சொல்லி ஸ்டாப் வாட்ச்ச அமுக்கு. அதுவும் ஓரத்துல எண்ணாத, சமநிலைப் புள்ளிய ஒரே திசைல தாண்டும்போது எண்ணு, அங்கதான் எடை வேகமா போகும், தாண்டுறது டக்குனு தெரியும், ஓரத்துல தயங்கி நின்னு திரும்புறதால எப்ப திரும்புச்சுன்னே சொல்ல முடியாது.

கேட்டவர்:
சைபர்ல இருந்துதான் எண்ணுனேன்ண்ணா. வீச்சு 2 செமீ, 4 செமீ ரெண்டும் வெச்சு பாத்துட்டேன், டைம் மாறல. புவியீர்ப்ப கணக்குல சேக்காததால இருக்குமோ?

பதில்:
நான் பிசிக்ஸ் டீச்சர். எண்ணிக்கை தப்பு இல்லப்பா, 19அ 20ன்னு எடுத்தா டைம் குறஞ்சு மாறிலி கூடத்தான் வரும், உனக்கு குறைவால்ல வருது. புவியீர்ப்பும் இல்ல, அது சமநிலைப் புள்ளிய கீழ இறக்குறதோட சரி, அங்கருந்து எவ்ளோ விலகுதோ அந்த அளவுக்கு வர்ற மீள்விசைதான் ஆட்டுது, நிலாவுல கொண்டுபோய் ஆட்டுனாலும் இதே டைம்தான் வரும், தனி ஊசல்தான் அங்க மெதுவா ஆடும்.

ஸ்பிரிங்குக்கும் எடை இருக்குல்ல, அத நீ சேக்கல. ஆடும்போது சுத்து சுத்தா உத்துப் பாரு. ஸ்டாண்டுல மாட்டுன மேல் சுத்து அசையவே அசையாது, அடிச்சுத்து எடையோட வேகத்துலயே போகும், நடுச்சுத்து பாதி வேகம். பாதி வேகம்னா அதோட இயக்க ஆற்றல் கால்வாசிதான். இப்படி மேலருந்து கீழ வரைக்கும் கூட்டுனா ஸ்பிரிங் நிறைல மூணுல ஒரு பங்கு எடையோட சேந்து ஆடுற மாதிரி கணக்கு வரும். 100 கிராமுக்கு அது பெருசு, 200க்கு கொஞ்சம் சின்னது, அதான் ஏறிக்கிட்டே போகுது. சும்மா தொங்கவிட்டு அளக்கறப்ப ரெண்டு ரீடிங்லயும் ஸ்பிரிங் எடை ஒன்னுதான், கழிச்சா போயிடும். ஆடுறதுலயும் நிறைகளோட வித்தியாசத்த டி ஸ்கொயர்களோட வித்தியாசத்தால வகுத்து 4 பை ஸ்கொயரால பெருக்குனா அதே மாதிரி போயிடும். ஸ்பிரிங்க எடை போட்டுட்டு வா.

கேட்டவர்:
மேடம் 61 கிராம்! மூணுல ஒரு பங்கு 20ன்னு வெச்சு 120, 170, 220ன்னு போட்டா 9.95, 9.98, 10.04. வித்தியாசத்துல போட்டா 10.15. ரொம்ப நன்றி மேடம். நிறைக்கு டி ஸ்கொயர் போட்ட கிராஃப் கோடு ஒரிஜின் வழியா போகலன்னு அழிச்சுட்டு ஒரிஜின்ல சேத்து இழுத்து வெச்சிருக்கேன், அது பரவால்லயா?

பதில்:
அய்யோ, புள்ளிங்க எங்க போகுதோ அங்கயே கோட்ட இழுப்பா. பின்னாடி நீட்டுனா நிறை அச்சுல மைனஸ் 20 கிராம் பக்கத்துல வெட்டும், அந்த 20தான் உன் ஸ்பிரிங்கோட மூணுல ஒரு பங்கு. கீழ ஒரு வரி எழுதி வெச்சுடு.